மேடைப் பேச்சு பழக: பயிற்சி வகுப்பா, தெருப் படிப்பகமா?

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். துறைமுகம் பக்கம், வந்த சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக நின்று கேட்கிற சுபாவம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை வேலையை விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பேசப் பழகியே ஆகவேண்டும் என்றானது. முதலில் 3 மாத வார இறுதிப் பயிற்சி வகுப்பு, அப்புறம் வியாசர்பாடியில் ஒரு படிப்பகம் என்று இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன். என் மனசு படிப்பகத்தின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்புக்கு ஃபீஸ் உண்டு, படிப்பகத்துக்கு டீக்காசு போதும். வகுப்பில் சான்றிதழ் தருவார்கள், படிப்பகத்தில் கிடையாது.

வகுப்பில் கற்றதில் சில இன்றும் உதவுகின்றன. மைக்கை வாயோடு ஒட்டாமல் பிடிப்பது, வாக்கியம் முடிந்ததும் மூச்சு விடுவது, பேப்பரைப் பார்த்துப் படிக்காமல் இருப்பது எல்லாம் அங்கே வந்தவைதான். ஆனால் இரண்டு விஷயங்கள் எனக்கு ஒத்துவரவில்லை.

முதலாவது, என் தமிழ். "என்னாண்ட ஒருத்தர் வந்து கேட்டாரு" என்று ஆரம்பித்தேன். பயிற்சியாளர் கையை உயர்த்தி நிறுத்தி, "என்னிடம்னு சொல்லுங்க" என்றார். பின்வரிசையில் சிரிப்பு. என் ஆயா வாயில் பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. அண்டை வீடு என்கிறோமே, அந்த அண்டைதான். 'என் அண்டை' சேர்ந்து என்னாண்ட ஆனது. சினிமாவில் ரௌடிக்கும் காமெடிக்கும் மட்டுமே இந்தப் பேச்சைக் கொடுத்துக் கொடுத்து, கேட்டாலே சிரிக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது, "எனர்ஜி பத்தல". உரக்க வணக்கம் சொல்லு, மேடை முழுக்க நட, கையை வீசு என்றார்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் அகமுகம் (இன்ட்ரோவர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்று பிரித்தபோது மனசின் கவனம் உள்ளே ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா என்பதைத்தான் சொன்னார். அது கூச்சமும் அல்ல, பயமும் அல்ல. நான் பேசத் தயங்குவது யோசித்து முடிக்காததால்தான். வகுப்பிலோ அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். பயிற்சியில் வந்த குரல் இரவல் நகை மாதிரி, தினமும் காபந்து பண்ணவேண்டும். தினம் அரை மணி நேரம் கண்ணாடி முன் நின்றேன். இரண்டு வாரம் விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பேசி முடித்த நாளில் ராத்திரி அம்மாவோடு நாலு வார்த்தை பேசக்கூடத் தெம்பு இருக்காது.

அதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் கேள்வி நேரம். ஒருமுறை அலுவலகத்தில் 20 நிமிடம் வகுப்புக் குரலிலேயே பேசினேன். முடிந்ததும் காசிமேட்டுப் பையன் ஒருவன், "அக்கா, டெமரேஜ் வேற, டிடென்ஷன் வேறயா?" என்று கேட்டான். ஒத்திகை பார்க்காத கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னேன்: "வேறதான்பா. கண்டெய்னர் பெட்டிய ஃப்ரீ டேஸ்குள்ள திருப்பலன்னா கப்பல்காரன் கேக்குறது டிடென்ஷன். சரக்க எடுக்காம இடத்த அடச்சினு இருந்தா அந்த இடத்துக்குக் கட்டுறது டெமரேஜ். பெட்டிக்குத் தனி, இடத்துக்குத் தனி." அதுவரை மேசையில் கிடந்த பேனாக்கள் அப்போதுதான் கைக்கு வந்தன. அந்த 20 நிமிடத்தில் யாரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

படிப்பகத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு யாராவது ஒருவர் 15 நிமிடம் பேசவேண்டும். 25 நாற்காலி, மைக் கிடையாது. நடத்துகிறவர் பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர். நான் போன முதல் நாள் சொன்னார்: "எல்லாரையும் பாக்காதம்மா. வாசப்படியாண்ட குந்தினுகிறாங்களே, அந்த அம்மாவுக்குப் புரிஞ்சா போதும்." ஒருவரிடம் பேசுவது எனக்கு எப்போதும் வரும். கூட்டத்தையும் அப்படியே பார்க்கலாம் என்று அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

முதல் பேச்சுக்கு 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் படித்து, கரண்டு பில்லின் பின்பக்கம் நாலே சொற்களை எழுதிக்கொண்டு போனேன். சங்கத் தலைவர் பி.பி.வாடியா பேசியது ஆங்கிலத்தில். தமிழில் தொழிலாளரிடம் பேசியவர் திரு.வி.க. அவருடையது நம் தெருப்பேச்சு அல்ல, செந்தமிழ். ஆனால் அவரே வாழ்ந்து பழகிய தமிழ் அது. அதனால் எல்லாரும் என்னாண்ட என்றுதான் பேசவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் நல்ல தமிழ் புழங்குகிறவருக்கு அதுதான் சொந்தக் குரல்.

இந்த வழியில் குரலுக்கென்று பராமரிப்பே இல்லை. விஷயத்தைத் தயார் பண்ணினால் போதும். தனியாக உட்கார்ந்து படிப்பதும் குறிப்பெடுப்பதும் என்னைப் போன்ற அகமுகக்காரர்களுக்குப் பிடித்த வேலைதானே. கூட்டத்துக்கு 20 நிமிடம் முன்னால் போய் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் யாரோடும் பேசாமல் தனியாக நடந்து வீடு திரும்புவேன். மறுநாள் களைப்பு இருக்காது.

மூன்றாவதாக, மேடைப் பேச்சு பழகும் மன்றமான டோஸ்ட்மாஸ்டர்ஸ் இருக்கிறது, 1924-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. விருந்தினராக இரண்டு முறைதான் போனேன். 5 முதல் 7 நிமிடப் பேச்சு, நேரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு, 'ஆ', 'ம்' எண்ண ஒருவர் என்று ஒழுங்காக இருந்தது. நேரக் கட்டுப்பாடு வராதவர்களுக்கு நல்லது என்று தோன்றியது. அதற்குமேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

படிப்பகத்தின் குறையையும் சொல்லவேண்டும். நான் பேசிய பெரிய கூட்டம் 40 பேர்தான். ஆயிரம் பேர் முன்னால் இந்த நிதானம் எடுபடுமா என்று பார்த்ததில்லை. ஆங்கில இன்டர்வியூ உடனே இருக்கிறது என்றால் வகுப்புக்கே போங்கள். படிப்பகம் அதற்கு உதவாது. மைக்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்களும் ஒரு மாத வகுப்பில் சேரலாம். ஆனால் பணம் கட்டும் முன், கேள்வி நேரத்துக்குப் பயிற்சி தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு முறை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே அவர்களிடம் பேசிப் பாருங்கள், என்ன சொல்கிறார்கள் என்று.