துருவப் பனியின் வெளுப்பை அளக்க இரண்டு இலவசத் தரவுகள்: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

கடலூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஆர்க்டிக் பனி உருகினால் கீழே இருக்கும் கருத்த கடல்நீர் வெயிலைக் குடிக்கும், அந்தச் சூட்டில் மிச்சப் பனியும் உருகும். இந்தப் பின்னூட்டத்தை எண்ணாகக் காட்டத்தான் இந்த இரண்டு தரவுகளும்.

முதலாவது, அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையத்தின் கடல்பனிப் பரப்பு. 1978 கடைசியிலிருந்து இருக்கிறது, சின்னக் கோப்பு, எக்செல்லிலேயே திறக்கும். செயற்கைக்கோள் மைக்ரோவேவில் அளப்பது என்பதால் மேகமும் துருவ இருட்டும் தடையில்லை. வரைபடம் போட்டால் 2012 செப்டம்பர், சுமார் 34 லட்சம் சதுர கி.மீ.யில், தனியாகத் தொங்கும்.

ஆனால் கடலைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கு; ஒரு சதுரக் கட்டத்தில் 15 சதவீதம் பனி இருந்தாலே முழுக் கட்டமும் பனிக் கணக்கில் போய்விடும். மீதி 85 சதவீதம் வெயிலைக் குடிப்பது இதில் தெரியாது. கோடையில் பனிமேல் உருகிய நீர் குட்டையாகத் தேங்கினால் மைக்ரோவேவுக்கு அதுவும் கடல்தான். பனிச் செறிவு குறைந்து காட்டும். அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்!

அதனால் இரண்டாவது, நாசாவின் செரஸ் (CERES) என்ற செயற்கைக்கோள் கருவிகளின் தரவு. திரும்பிப் போகும் ஒளியையே அளக்கிறது, 2000 மார்ச் முதல். எக்செல் இதற்கு உதவாது, பனோப்ளி (Panoply) என்ற நாசாவின் இலவச மென்பொருள் வேண்டும். பையன்கள் முதலில் தேடுவது கடலூரைத்தான்; 1 டிகிரி கட்டம் என்பதால் புதுச்சேரியும் அதற்குள்ளேயே வந்துவிடும். துருவத்தில் சராசரி எடுக்கும்போது கட்டங்களை அப்படியே கூட்டக் கூடாது. 60 டிகிரி அட்சரேகையில் உள்ள கட்டம் 80 டிகிரியில் உள்ளதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரியது. அட்சரேகையின் கொசைனை எடையாகப் போடாவிட்டால் விடை துருவத்துப் பக்கம் சாய்ந்துவிடும். மேகமும் வெள்ளைதான், ஆகவே தெளிந்த வானக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டையும் இணைத்து, பிஸ்டோன், ஐசன்மேன், வீ. ராமநாதன் என்ற மூன்று விஞ்ஞானிகள் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: 1979-க்கும் 2011-க்கும் இடையில் ஆர்க்டிக்கின் ஒளித் திருப்பம் (ஆல்பிடோ, அதாவது விழும் ஒளியில் திரும்பிப் போகும் பங்கு) 0.52-லிருந்து 0.48-க்கு இறங்கியிருக்கிறது. ராமநாதன் நம் பக்கத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் என்றதும் கடைசி பெஞ்சும் நிமிரும்.

பள்ளிக்கு முதலாவதே போதும். செரஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2022 ஏப்ரல் முதல் நோவா-20 செயற்கைக்கோளுக்கு மாறியிருக்கிறார்கள். பழைய கோப்போடு புது மாதங்களை ஒட்டாமல், முழுத் தொடரையும் ஒரே பதிப்பில் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.