பிக்கப்புக்கு டபுள் வீல் போடப் போகிறீர்களா? எனக்கு 78,000 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் வீல் பிக்கப்பை டபுள் வீலாக, அதாவது பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரமாக, மாற்றித் தருகிறோம் என்று போனில் வீடியோ விட்டு ஆள் பிடிக்கும் ஒரு பட்டறை, நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் போடவில்லை. வழக்குப் போடப் போகிறேன், அங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நான் குலசேகரம், திருவட்டாறு பக்கத்துத் தோட்டங்களில் வாழைக்குலை ஏற்றி மார்த்தாண்டம் சந்தைக்கும், சில நாள் களியக்காவிளை தாண்டியும் ஓடுகிறவன். மழைக்காலத்தில் பின்சக்கரம் மண்ணில் புதையும், வளைவில் வண்டி ஆடும். டபுள் வீல் போட்டால் ஆட்டம் நிற்கும் என்று ஸ்டாண்டில் பேச்சு.

பட்டறைக்குப் போனதும் முதலாளி தானே வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். அந்த ஒரு காரியத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. வெள்ளைச் சட்டையோடு எவன் தரையில் படுப்பான்? "அண்ணாச்சி, நம்ம ஊருக்காரன் சொல்லுகேன், எனக்க வண்டின்னு நெனச்சு செய்து தாறேன்" என்றார். டபுள் வீல் வண்டியின் பின் ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் கூடு), ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி), பிரேக் டிரம், டிஸ்க் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) எல்லாம் முழு செட்டாக மாறும், வண்டியின் பதிவுப் புத்தகமான ஆர்சியிலும் ஏற்றித் தருவோம், ஆர்டிஓ ஆபீஸில் ஆள் இருக்கு என்றார். மொத்தம் 78,000. பாதி அன்றைக்கே கொடுத்தேன், மீதி வண்டி எடுக்கும்போது. பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைச் சிட்டையில் தொகையை எழுதி நீட்டினார்.

ஹவுசிங் மாறவே இல்லை. பழைய ஹப்பிலேயே சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த லேத்தில் கடைந்த இரும்புத் துண்டை, ஸ்பேசர் என்பார்கள், வைத்து, நீள போல்ட் அடித்து, பழைய சிங்கிள் டிஸ்க்கோடு அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். டபுள் வீலுக்கென்று வரும் டிஸ்க்கில் குழிவு ஆழமாக இருக்கும். இரண்டை முதுகோடு முதுகு வைத்தாலும் டயருக்கு நடுவில் இடம் கிடைக்கும். என் வண்டியில் பாரம் ஏறியதும் இரண்டு டயரும் அடிப்பக்கம் ஒன்றோடொன்று உரசியது. உரசினால் சூடாகும், சூடானால் டயர் பிளக்கும். போதாததற்கு ஸ்பேசர் வைத்ததால் வெளிச்சக்கரம் பேரிங்கை விட்டுத் தள்ளி நிற்கிறது, அந்த இழுப்பு முழுக்க போல்ட்டிலும் பேரிங்கிலும் விழுகிறது. தக்கலை இறக்கத்தில் ரப்பர் கருகும் வாடை வந்து நிறுத்திப் பார்த்தால், இடது பக்கம் இரண்டு போல்ட் தலையோடு முறிந்து கிடக்கிறது. சக்கரம் கழன்று முன்னால் போன பைக்காரன் மேல் விழுந்திருந்தால்?

போன் செய்தேன். "புது டயரு, ஓட ஓட செட் ஆவும்" என்றார்கள். நேரில் போனால் மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காராம். மறுபடி போனால் "நீ லோடு கூட்டி ஏத்திருக்க" என்றார் முதலாளி. அண்ணாச்சி எப்போது நீயாக மாறினேன் என்று தெரியவில்லை. அதிகம் ஏத்தலாம் என்று வீடியோவில் கூவியது யார்? கடைசியாக, "எங்க பட்டறையில செஞ்சதுக்கு பில்லு இருக்கா?" என்று கேட்டார் பாருங்கள், அங்கே கை ஓங்காமல் வந்தது என் பெண்டாட்டி பிள்ளைகள் செய்த புண்ணியம். 78,000 ரூபாய் வாங்கின வாய் அது.

எஃப்சிக்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் சோதனைக்கு, கொண்டுபோனால் பின்னால் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்சியில் எந்த ஆக்சிலுக்கு எத்தனை டயர், என்ன அளவு என்று இருக்கிறது, அதற்கு மாறாக இருக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மீறினால் 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. இது வண்டிக்காரன் தலையில் விழுகிற தண்டனை. ஆபீஸில் இருந்த ஆள் எங்கே என்று கேட்க மறுபடி போன் செய்தேன், எடுக்கவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டயர் கூடியதால் மட்டும் ஆர்சியில் வண்டிக்கும் சரக்கும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை கூடிவிடாது. ஸ்பிரிங் பட்டையும் சேசிஸும் பிரேக்கும் பழையதுதான். ஓவர்லோடில் பிடித்தால் 20,000 அபராதம், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஸ்பேசர் என்ற சொல் காதில் விழுந்தால் வண்டியைத் திருப்புங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். டபுள் வீல் வேண்டுமென்றால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்த வண்டியைப் பாருங்கள்.

சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிறவன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முறிந்த போல்ட், ஸ்பேசர், அந்த வெள்ளைச் சிட்டை, பணம் அனுப்பிய போன் ரசீது எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே பட்டறையில் மாட்டினவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.