விறகு அடுப்பா, கேஸிஃபையர் அடுப்பா?

காசிமேட்டுல மீன் வறுக்குற கடைக்கு எது தோதுன்னா, எல்லாம் காத்து வர்ற வழியிலதான் இருக்கு. சாதா அடுப்புல சவுக்கு கட்டை 300 டிகிரிய தாண்டுனா கேஸா கக்கும், அதுல ஒரு பங்கு எரியாமலே புகையா போயி கண்ணுல ஏறும், கீழ விழுற கரியும் அங்கயே எரிஞ்சு சாம்பலாயிடும்.

கேஸிஃபையர்ல (கட்டைய கேஸாக்கி, அந்த கேஸ தனியா எரிக்கிற அடுப்பு) காஞ்ச துண்டுங்கள டப்பாவுல ரொப்பி மேல பத்த வைக்கணும். அடியிலேந்து கொஞ்சமாத்தான் காத்து வரும், அந்த ஆக்சிஜன நடுவுல கீழ எறங்கிட்டே போற நெருப்பு தின்னுடும், அதுக்கு மேல நிக்கிற கரிக்கு ஒன்னும் கெடைக்காது, அதனால அது அப்டியே மிஞ்சும், கேஸு மட்டும் ஏறி வாய் ஓரத்து ஓட்டைல வர்ற ரெண்டாவது காத்தோட சேந்து எரியும். புகை ரொம்ப கம்மி. போட்ட காஞ்ச கட்டை எடையில சுமார் 20 சதவீதம் கரி கெடைக்கும், பிரியாணி தம்முக்கு மூடி மேல கொட்டலாம் (இதான் எனக்கு புடிச்சது).

ஆனா நடுவுல கட்டை சொருக முடியாது, ஈரக்கட்டை ஆவாது, கடக்காத்துக்கு மறைப்பும் வேணும். நாள்பூரா வறுக்குற கடைக்கு சாதா அடுப்பே போதும்பா, வீட்டு சமையலுக்கு கேஸிஃபையர். மிஞ்சுன கரிய மட்டும் தணலோட சாத்துன ரூம்ல வெக்காதீங்க, அதுலேந்து கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயு வரும், அதுக்கு வாசனையே கெடையாது.