கேபிள் கிளட்ச்சிலிருந்து ஹைட்ராலிக்குக்கு: எந்த ஹோஸ் பிரேக் ஆயிலைத் தாங்கும்?

கேபிளில் இயங்கும் கிளட்ச்சை, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்குக்கு மாற்றும்போது, பெடல் பக்கம் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், மறுமுனையில் கிளட்ச்சை நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டர், கால் விசையைப் பெருக்கும் பெடல் விகிதம் என்று எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறோம். ஹோஸ் என்று வரும்போது மட்டும் "பிரஷர் தாங்குமா?" என்று கேட்டுவிட்டு வாங்கி விடுகிறோம். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே நிற்கும் திரவத்தோடு அந்த ஹோஸின் உள்சுவர் ஒத்துப்போகுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. நாம் "பிரேக் ஆயில்" என்கிறோம். ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்ற தரங்கள் எதுவுமே ஆயில் கிடையாது, கிளைகால் ஈதர் வகைத் திரவங்கள். ஆயில் என்று நினைத்ததும் ஆயில் தாங்கும் ரப்பரைத் தேடிப் போகிறோம். பெட்ரோலையும் இன்ஜின் ஆயிலையும் நன்றாகத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். அதே நைட்ரைல் கிளைகாலில் ஊறினால் உப்பி, இளகிப் போகும். கிளைகாலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் கெடாதது ஈபிடிஎம் ரப்பர். அதில் கனிம எண்ணெய் பட்டால் அது உப்பிவிடும். இந்த இரண்டு ரப்பரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

என் காரில் நான் தவறியது ரிசர்வாயரிலிருந்து, அதாவது திரவம் ஊற்றி வைக்கும் டப்பாவிலிருந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு இறங்கும் சின்ன ஃபீட் ஹோஸில். அங்கே அழுத்தமே இல்லை, திரவம் தன் எடையில் இறங்குகிறது, அவ்வளவுதான். அதனால் நல்ல பெட்ரோல் ஹோஸ் ஒன்றை வெட்டி மாட்டினேன். சில மாதங்களில் ரிசர்வாயரில் திரவம் கறுத்தது. கிளிப் இருந்த இடத்தில் ஹோஸ் பிசுபிசுவென்று ஆகி, கசிவு தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது உள்சுவர் விரலில் மை போல ஒட்டியது. அந்தக் கரியெல்லாம் மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்விட்டதால் சீல் கிட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அழுத்தம் இல்லாத இடத்தில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் அங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை. ஃபீட் ஹோஸுக்கு பிரேக் ரிசர்வாயருக்கென்றே விற்கும் ஈபிடிஎம் ஹோஸைத் தவிர வேறு எதையும் இனி நான் மாட்டுவதாக இல்லை.

சரி, அழுத்தம் உள்ள பக்கத்துக்கு வருவோம். காலால் 15 கிலோ அழுத்தி, பெடல் விகிதம் 6க்கு 1 என்றால் மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் 90 கிலோ விழும். சிலிண்டர் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. என்றால் அதன் பரப்பு 2.85 சதுர செ.மீ. ஆகவே லைனில் ஏறத்தாழ 31 பார், 450 பிஎஸ்ஐ. பிரேக்கோடு ஒப்பிட்டால் இது பெரிய எண் இல்லை. ஆனால் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் அமைப்பு) தரப்படி ஜே30 ஆர்7 என்று அச்சிட்ட பெட்ரோல் ஹோஸ் வேலை செய்வது 50 பிஎஸ்ஐ அளவில்தான். ஆகவே இந்தப் பக்கத்தில் அது ரப்பர், அழுத்தம் இரண்டு வகையிலும் தகாது.

அடுத்து வருவது ஹைட்ராலிக் கடையில் பிரஸ் செய்து தரும் இயந்திர ஹோஸ். எஸ்ஏஇ 100 ஆர்1, ஆர்2 என்ற வகைகள். கம்பி வலை, கனமான சுவர், 200 பாருக்கு மேல் தாங்கும் என்ற முத்திரை எல்லாம் பார்க்க நம்பிக்கையாக இருக்கும். ஆனால் பொதுவாக அவற்றின் உள்குழாய் நைட்ரைல், ஏனென்றால் அவை கனிம எண்ணெய்க்காகச் செய்தவை. வெடிக்காது, மெல்ல அழுகும். அதே கடையில் 100 ஆர்14 என்று கேட்டால் டெஃப்லான் உள்குழாயும் ஸ்டீல் பின்னலும் உள்ள ஹோஸ் தருவார்கள். அது டாட் திரவத்துக்குப் பொருந்தும். எண்ணில் இருக்கும் சின்ன வித்தியாசம்தான், கிளட்ச்சுக்கு அது வாழ்வா சாவா.

உண்மையான போட்டி, எஸ்ஏஇயின் பிரேக் ஹோஸ் தரமான ஜே1401இல் வரும் பிரேக் ரப்பர் ஹோஸுக்கும் டெஃப்லான் பின்னல் ஹோஸுக்கும் இடையில்தான்.

ரப்பர் பிரேக் ஹோஸுக்கு வலிமை போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 106இன்படி, 3 மி.மீ. வரை உள்விட்டம் உள்ள பிரேக் ஹோஸ் 7000 பிஎஸ்ஐ வரை வெடிக்கக் கூடாது. நமக்கு வேண்டியதோ 450. பெட்ரோலியம் அல்லாத திரவத்துக்கென்றே ஜே1401 எழுதப்பட்டது என்பதால் உள்சுவர் பற்றிய கவலையும் இல்லை. இன்ஜின் தன் மவுண்ட்டில் ஆடும்போது கூடவே வளைந்துகொடுக்கும், பக்கத்துப் பாகங்களை உரசித் தேய்க்காது. அதன் மேல் நீளவாக்கில் ஓடும் கோடுகளையும் கவனியுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொண்டு மாட்டப்பட்டிருந்தால் அந்தக் கோடுகள் சுருள் போலத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ரப்பரின் குறை, அழுத்தத்தில் சற்று விரிவது. பிரேக்கில் கால் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். கிளட்ச்சிலோ இழந்த கனஅளவு நேராக ஸ்லேவ் சிலிண்டரின் நகர்வில் குறையும். ஸ்லேவ் 22.2 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 3.88 சதுர செ.மீ. ஹோஸ் அரை கன செ.மீ. விரிந்தாலே தண்டு 1.3 மி.மீ. குறைவாக நகரும். மாஸ்டர் சிலிண்டரில் தாராளமாக இடம் இருந்தால் இது ஒன்றுமில்லை. மாற்றத்தில் பாகங்களைக் கலந்து போட்டு, நகர்வு இழுபறியாக இருந்தால், ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுவதற்கு இந்த 1.3 மி.மீ. போதும். ஹோஸில் எச்எல் என்ற குறி இருந்தால் அது குறைந்த விரிவு வகை, எச்ஆர் என்றால் வழக்கமான வகை.

டெஃப்லான் பின்னல் ஹோஸ் விரிவது மிகக் குறைவு. கிளைகால், கனிம எண்ணெய், சிலிகோன் வகையான டாட் 5 என்று எதுவும் அதை ஒன்றும் செய்யாது. வெப்பமும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதைக் கையாளப் பொறுமை வேண்டும். கூர்மையாக வளைத்தால் உள்குழாய் மடிந்துவிடும், ஒருமுறை மடிந்த துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். வெறும் ஸ்டீல் பின்னல் தன்னை உரசும் எதையும் அரம் போல அறுக்கும், அதனால் மேலே பிளாஸ்டிக் உறை போட்டதை வாங்குங்கள். வீட்டில் ஃபிட்டிங் மாட்டுவதானால் உள்குழாய்க்கும் பின்னலுக்கும் நடுவே ஆலிவ் எனும் சின்ன உலோக வளையம் சரியாக உட்கார வேண்டும். பின்னலின் ஒரே ஓர் இழை நடுவில் சிக்கினாலும் கசியும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. வெளியே அதே பளபளக்கும் ஸ்டீல் பின்னலோடு, உள்ளே செயற்கை ரப்பர் வைத்து பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் விற்கும் ஹோஸ்கள் இருக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வெட்டிய முனையைப் பாருங்கள். டெஃப்லான் வெள்ளையாகவோ அரைகுறை ஒளி ஊடுருவும்படியோ, நகத்துக்கு விறைப்பாக இருக்கும். சில வகைகளில் அது கறுப்பாகவும் வரும், ஆனால் அமுக்கினால் அமுங்காது. ரப்பர் அமுங்கும்.

நைலான் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல கார்களில் தொழிற்சாலையிலேயே கிளட்ச்சுக்கு அதுதான் வருகிறது, திரவத்தோடும் ஒத்துப்போகிறது. அந்தக் காரின் அசல் குழாய் அப்படியே பொருந்தினால் போடலாம். வெட்டி ஒட்டும் வேலைக்கு அது ஏற்றதல்ல, சைலன்சர் பைப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

என் தேர்வு இதுதான். வழி நேராகவும் இடம் தாராளமாகவும் இருந்தால், பாடியில் 4.75 மி.மீ. காப்பர் நிக்கல் குழாயை கிளிப் போட்டு இறுக்கி, கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் ஜே1401 ரப்பர் ஹோஸ் ஒரு முழத்துக்குள் வைப்பேன். உலோகக் குழாய் விரியாது, ரப்பரின் நீளம் குறைவதால் விரிவும் சொற்பம். இன்று என் காரில் இருப்பது இதுவே. எக்ஸாஸ்டை ஒட்டிப் போக வேண்டும், அல்லது ஸ்லேவின் நகர்வு மிகவும் இழுபறி என்றால் முழு நீளத்துக்கும் டெஃப்லான். வெப்பத்தை இங்கே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஆனால் ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த உறுதி 155க்கு இறங்கிவிடும். ரப்பர் சுவர் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே வரும்.

எதை வாங்கினாலும் முதலில் ரிசர்வாயர் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சித்ரோயன் கார்களின் எல்எச்எம் போன்ற பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கான பாகம் உங்கள் கைக்கு வந்திருந்தால் மேலே சொன்னது அப்படியே தலைகீழாகும். அங்கே நைட்ரைல்தான் சரி, ஈபிடிஎம் கெடும். டெஃப்லான் ஹோஸ் போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் சீல் எந்த ரப்பரோ அதற்கேற்ற திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம் மரை. எம்10க்கு 1.0 மரையும் 3/8 அங்குல 24 மரையும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், இரண்டு சுற்று இறங்கவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் சிலிண்டரின் மரை போய்விடும். 37 டிகிரி சரிவுள்ள ஃபிட்டிங்கை 45 டிகிரி ஃபிளேரில், அதாவது விரித்த குழாய் முனையில், இறுக்கினாலும் கசிவு நிற்காது.

லைனிலிருந்து ஏர் எடுத்து, அதாவது காற்றை வெளியேற்றி முடித்த பிறகு, முதல் சில மாதங்கள் வாரம் ஒருமுறை ரிசர்வாயருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் சரி. கறுக்கத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டரில் கை வைப்பதற்கு முன்பு, அதன் தலைக்கு மேல் இருக்கும் அந்தச் சின்ன ஃபீட் ஹோஸை அமுக்கிப் பாருங்கள்.