ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடிலுக்கு எந்தக் கூரை: கண்ணாடியா, பாலிகார்பனேட்டா, பாலித்தீன் தாளா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளில் ரோஜாவுக்கோ குடைமிளகாய்க்கோ புதிதாகப் பசுமைக்குடில் அமைப்பவர்கள், எந்தக் கூரை அதிக ஆண்டுகள் உழைக்கும் என்றே முதலில் கேட்கிறார்கள். மாசி கழிந்து வெயில் ஏறும்போது உள்ளே தேங்கும் சூடு எவ்வழியே வெளியேறும் என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குளிர்நாடுகளில் வெப்பத்தை உள்ளே நிறுத்தி வைப்பதற்காகப் போற்றப்படும் கூரைகளுக்கு, இங்கே அந்தத் தகுதியால் பெரிய பயன் இல்லை.

கண்ணாடி சுமார் 90 சதவீத ஒளியை உள்ளே விடும். ஆண்டுகள் பல ஆனாலும் மங்காது. ஆனால் 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை கொண்டது. 1000 சதுர மீட்டர் கூரைக்கு 10 டன் என்றால், அதைத் தாங்கும் தூண்களும் அடித்தளமும் வேறு கணக்கில் போய்விடும். கோடை மழையோடு ஆலங்கட்டியும் விழும் ஊரில் அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு (இரு மெல்லிய பிளாஸ்டிக் சுவர்களும் நடுவே வெற்றறைகளும் கொண்டது) 6 மி.மீ. தடிமனில் சதுர மீட்டருக்கு 1.3 கிலோதான், 80 சதவீதத்தை ஒட்டி ஒளி தரும், சரியாகப் பொருத்தினால் பத்தாண்டு நிற்கும். சூட்டில் அது நன்றாக விரியும் என்பதால், 6 மீட்டர் தகடு 30 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 12 மி.மீ. நீள்வதற்கு இடம் விட்டே திருகாணித் துளையிட வேண்டும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள தகடுகளில் அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் நாற்றங்கால் குடிலில் தகட்டின் முனைகளை நாடா ஒட்டி அடைக்காமல் விட்டதால், உள்ளறைகளில் ஈரம் புகுந்து பாசி படிந்தது. அதைக் கழுவி எடுக்க இன்றுவரை வழியில்லை.

ஃபைபர் தகடு சில ஆண்டுகளில் மஞ்சளித்து, மேற்பரப்பில் இழை கிளம்பிவிடும். அதைப் பற்றி மேலும் ஆராயத் தேவையில்லை.

புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாளின் எடை சதுர மீட்டருக்கு 185 கிராம் அளவே. இலகுவான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டமே அதற்குப் போதும்; கூரை உச்சியில் காற்றுத் திறப்பு விடுவதும் எளிது. ஒளியைச் சிதறடிக்கும் வகைத் தாளைப் போட்டால் அடியிலைகளுக்கும் வெளிச்சம் எட்டும். புற ஊதாக் கதிரை வடிகட்டும் தாளின் கீழே சிவப்பு ரோஜாவின் இதழோரம் கருகுவதும் குறையும். தாளை ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதுதான் இதன் குறை. அந்த ஆயுளையும் நாமே குறைத்துவிடுகிறோம்: சாம்பல் நோய்க்காக அடிக்கும் கந்தகம் தாளிலுள்ள காப்புப் பொருளைச் சிதைக்கிறது; வெயிலில் காய்ந்த குழாயைத் தொடும் இடத்தில் தாள் முதலில் நைந்து கிழிகிறது. எனவே குழாயின் மேல்புறம் வெள்ளைப் பூச்சு அடிப்பதும், கந்தகத்தை அளவோடு பயன்படுத்துவதும், காற்று அடங்கிய மிதமான வெயில் நேரத்தில் தாளைத் தொய்வின்றி இழுத்துச் சட்டத்தின் காடியில் ஸ்பிரிங் கம்பியால் பூட்டுவதும் அவசியம்.

கால் ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை ரோஜாவோ குடைமிளகாயோ வைப்பவர் பாலித்தீன் தாளையே போட்டு, மாற்றும் செலவை ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்கலாம். பாலிகார்பனேட்டை, அடிக்கடி பிரித்து மாட்ட முடியாத சிறு நாற்றங்காலுக்கு, முனைகளை அடைத்துப் பயன்படுத்தலாம்.