எந்த மலையிலிருந்து எப்படி இறங்குவீர்கள்? சாவனதுர்கா, சிவகங்கை, மாகளிதுர்கா

டிசம்பர் வந்தால் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எழும். வேலூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ உறவினர்கள் வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. காலையில் கிளம்பி ஒரு மலை ஏறி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். எந்த மலைக்குப் போவது?

பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் மேற்கே சாவனதுர்கா, வடமேற்கே சிவகங்கை, வடக்கே மாகளிதுர்கா என மூன்று மலைகள் இருக்கின்றன. உயரம் எவ்வளவு, உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று விசாரித்து முடிவெடுப்பதுதான் வழக்கம். நான் முதலில் கேட்பது வேறு. நம் கூட்டத்தில் முழங்கால் பலம் குறைந்தவர் யாரோ, அவர் அந்த மலையிலிருந்து எப்படி இறங்குவார்? ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறிவிடலாம். இறங்கும்போது களைத்த காலும் உச்சி வெயிலும் சேர்ந்துகொள்கின்றன. வழுவழுப்பான பாறைச் சரிவில் அந்த நேரத்தில் உட்கார்ந்து அழுத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இறக்கத்தை வைத்து மலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

நந்தி மலையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சுல்தான்பேட்டைப் பக்கத்துப் படிகளில் ஏறுவது நல்ல நடைதான். ஆனால் உச்சிவரை கார் போகிறது. வியர்த்து மேலே சேர்ந்தால் வாகன நெரிசலுக்குள் போய் நிற்போம்.

சாவனதுர்கா என்றால் மாகடிக்கு அருகே நிற்கும் ஒற்றைப் பாறை. ஆசியாவின் மிகப் பெரிய ஒற்றைக்கல் மலைகளில் ஒன்று என்று சொல்வார்கள். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தப் பேச்சு மிகையாகத் தெரியாது. ராமநகரத்தின் பழைய பெயரால் க்ளோஸ்பேட் கிரானைட் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர். அந்த எண்ணைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அடிவாரமே பீடபூமியின் மேல் இருப்பதால் நாம் உண்மையில் ஏறுவது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள் உண்டு. பெரும்பாலோர் ஏறுவது கோயில் பக்கமிருந்து தொடங்கும் கரிகுட்டா.

இங்கே படிகள் கிடையாது. பாறைமேல் வெள்ளைச் சாயத்தில் அம்புக்குறிகள் போட்டிருக்கிறார்கள், அவைதான் வழி. இடையிடையே கெம்பேகவுடர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கோட்டையின் இடிந்த மதில்கள் குறுக்கிடும். திப்பு சுல்தானிடமிருந்து இந்தக் கோட்டையை 1791 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை பிடித்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார்கள். பீரங்கிகளை எந்த வழியாக இழுத்து வந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ஏறினால் பாதித் தூரம் தெரியாது. உச்சியில் ஒரு சிறு மண்டபம், அதில் நந்தி. சுற்றிலும் காடு, ஒரு பக்கம் மஞ்சனபெலே அணையின் நீர்ப்பரப்பு.

உலர்ந்த கிரானைட்டில் ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும். தேய்ந்த காலணியோ அலுவலகக் காலணியோ இங்கே உதவாது. இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலில் நடந்தால் சறுக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதையும் பாறையில் பதித்து, சின்னச் சின்ன எட்டுகளாக வைக்க வேண்டும். மழை பெய்திருந்தால் கதையே வேறு. மழைநீர் வழிந்து வழிந்து பாறையில் கறுத்த கோடுகள் இருக்கும். ஈரம் பட்டால் அங்கே பாசி சோப்புப் போல் வழுக்கும். பிடித்துக்கொள்ளப் பல இடங்களில் புல்கூட இல்லை. குறுக்கு வழி என்று அம்புக்குறியை விட்டு இறங்குவது பேராபத்து. மேலிருந்து பார்த்தால் சாய்வாகத் தெரியும் பாறை, கொஞ்ச தூரத்தில் செங்குத்தாக முடிந்துவிடும். கரடியும் சிறுத்தையும் உலவும் காடு இது என்பதால் அந்தி சாயும்வரை மேலே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

இத்தனை எச்சரிக்கை சொன்னாலும், முழங்கால் நன்றாக உள்ள நான்கு பேர் என்னிடம் கேட்டால் சாவனதுர்காவுக்குத்தான் போகச் சொல்வேன். பெங்களூரிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரத்தில் வெறும் பாறையில், சொந்தக் காலை மட்டும் நம்பி நடக்கும் அனுபவத்தை இவ்வளவு நிறைவாக வேறெந்த மலையும் எனக்குத் தந்ததில்லை.

சிவகங்கை இதற்கு நேர் எதிர். தும்கூர் சாலையில் டாபஸ்பேட்டை வரை போய், அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். உயரம் சாவனதுர்காவைவிட அதிகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,370 மீட்டர். ஆனாலும் இறக்கம் எளிது. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள்; செங்குத்தான இடங்களில் இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலையில் பாறையில் அடித்த கடப்பாரையைப் பிடித்து ஏறிய கைக்கு இதெல்லாம் பழகிய வேலை. புடவை கட்டிய பாட்டிகள் ஒரு கையில் கம்பியும் மறுகையில் பேரனுமாக இறங்கி வருவதை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

இதற்கு தட்சிண காசி என்றும் பெயர் உண்டு. கங்காதரேசுவரர் சன்னிதியில் லிங்கத்தின் மேல் தேய்க்கும் நெய் வெண்ணெயாக மாறும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மேலே ஒளகல் தீர்த்தத்தில் பாறைக் குழிக்குள் கையை விட்டுத் தண்ணீரைத் தொட முயல்வார்கள். புண்ணியம் செய்தவர் கைக்குத்தான் எட்டுமாம். பிள்ளைகளுக்கு அலுக்காத இடம் அது. இன்னும் மேலே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி. அதையும் தாண்டினால் உச்சியில் சாந்தலா குதித்ததாகச் சொல்லப்படும் பாறை விளிம்பு. தலைக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றிய ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி அவர்.

வழியில் நீர்மோரும் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காயும் விற்பார்கள். சாவனதுர்காவில் தண்ணீர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இங்கே அந்தக் கவலை இல்லை. முடியாதவர் கோயிலோடு நின்று, மற்றவர்கள் திரும்பும்வரை நிழலில் காத்திருக்கலாம். கலந்த வயதுக் கூட்டத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? குறை என்று சொன்னால் குரங்குகள். கையில் பை தொங்கினால் பறித்துக்கொண்டு போய்விடும். தின்பண்டத்தைத் தோள்பைக்குள் வைத்துப் பூட்டுங்கள்; குழந்தை கையில் பிஸ்கட் கொடுக்காதீர்கள். திருவிழா நாட்களில் கூட்டம் படிகளை அடைத்துவிடும். மகர சங்கராந்தி இங்கே பெரிய விசேஷம். பொங்கல் விடுமுறையில் நடைக்காகப் போக நினைப்பவர்கள் அந்த ஒரு நாளைத் தவிர்ப்பது நல்லது.

மாகளிதுர்காவுக்கு ஒரு தனிச் சிறப்பு: ரயிலில் போகலாம். தொட்டபள்ளாபூரைத் தாண்டி, ஹிந்துப்பூர் பாதையில் அதே பெயரில் ஒரு சிறு நிலையம். சில பயணிகள் ரயில்களே அங்கே நிற்கும் என்பதால் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்த பிறகுதான் போகும் ரயிலை முடிவு செய்ய வேண்டும். கல்லும் முள்ளும் கலந்த சாதாரண மலைப்பாதை. உச்சியில் பழைய கோட்டை, சிவன் கோயில், நந்தி. இறக்கம் சிவகங்கையைவிடக் கடினம், சாவனதுர்காவைவிட எளிது. தண்டவாளத்திலேயே நடந்து அடிவாரத்துக்குப் போகும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். வளைவுகள் நிறைந்த பாதை. ரயில் வருவது பக்கத்தில் வரும்வரை தெரியாது. ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அது குற்றமும்கூட. காரில் போகிறவர்கள் மலை இறங்கியதும் காட்டி சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகலாம். கிழக்கு பார்த்த முருகனும் மேற்கு பார்த்த நரசிம்மரும் ஒரே கல்லில் இருக்கிறார்கள். பின்னால் வைத்த கண்ணாடியில் நரசிம்மர் தரிசனம்.

சிக்கபள்ளாபூர் பக்கம் ஸ்கந்தகிரியைக் கேட்பவர்கள் உண்டு. விடியற்காலை மேகக்கூட்டத்துக்காகப் போகும் மலை அது. இரண்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, தூக்கமில்லாமல் ஏறி, தூக்கமில்லாமல் கார் ஓட்டித் திரும்புவதைக் குடும்பத்தோடு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த மலையானாலும் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரில் மழை அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் பாறை கொதிக்கும்; பிற்பகலில் இடிமின்னலும் வரும், மொட்டைப் பாறையில் ஒதுங்க இடம் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எலுமிச்சைச் சாதமோ புளிசாதமோ ஒரு பொட்டலம், கொஞ்சம் உப்புக்கடலை போதும். காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் பதினொன்றுக்குள் இறங்கிவிடலாம். சாவனதுர்காவுக்கும் மாகளிதுர்காவுக்கும் கிளம்புமுன் கர்நாடக வனத்துறையின் முன்பதிவுத் தளத்தைப் பார்த்து டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் வாசலில் திரும்புவது குழந்தைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

முந்தின நாள் இரவு மாகடிப் பக்கம் மழை என்று தெரிந்தால் டிக்கெட் காசு போனாலும் போகட்டும், சாவனதுர்காவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் தும்கூர் பஸ் ஏறி டாபஸ்பேட்டையில் இறங்கினால் சிவகங்கைக்கு ஆட்டோ கிடைக்கும். படி ஈரமாக இருந்தால் கோயில்வரை மட்டும் போய்த் திரும்பலாம்.