ஸ்வெல்ட் 5: ரியாக்ட் தெரிந்தவர் மெனக்கெடலாமா?

ஸ்வெல்ட்டும் ரியாக்டைப் போலவே வெப் செயலிகளின் திரையைக் கட்டும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கருவி. அதன் சின்டாக்ஸ் ஒரு வார இறுதியில் பிடிபட்டுவிடும். ரியாக்ட் ஊட்டிவிட்ட பழக்கங்களை மறக்கத்தான் நாளாகும். கற்கலாமா என்று கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

ரியாக்டில் ஸ்டேட் (செயலி நினைவில் வைக்கும் மதிப்பு) மாறும்போதெல்லாம் காம்பொனென்ட் ஃபங்ஷன், அதாவது திரையின் ஒரு பாகத்தை உருவாக்கும் கோடு, முழுவதும் மறுபடி ஓடும். ஸ்வெல்ட்டில் அது ஒரே முறைதான் ஓடும். மதிப்பு மாறினால் திரையில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதற்கான கோடைக் கம்பைலர் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட ரியாக்ட் வைத்திருக்கும் திரையின் நகலான வர்ச்சுவல் டாம் இதில் கிடையாது. ஆகவே விலையை எண்ணிக்கையால் பெருக்கி ஒரு சாதாரண கான்ஸ்டில் வைத்தால், முதல் கணக்கோடு அது அப்படியே உறைந்துவிடும். மதிப்பு மாறும்போது மறுபடி கணக்குப் போடும் $டெரைவ்டுக்குள் போட வேண்டும். கம்பைலர் இதை எச்சரிக்கிறது, டெர்மினல் பக்கம் கண் போனால்.

மதிப்பு மாறும்போது ஒரு வேலையை ஓட்டும் $எஃபெக்ட் இதைவிட நுணுக்கமானது. எந்த மதிப்புகளைக் கவனிக்க வேண்டும் என்ற டிபென்டன்ஸி பட்டியல் எழுதத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கும் அவெயிட்டுக்குப் பிறகோ, தாமதித்து ஓடும் செட்டைம்அவுட்டுக்குள்ளோ படிக்கப்படும் மதிப்பை அது கண்காணிக்காது. தேடல் பெட்டியில் புதுச் சொல் தட்டினாலும் பழைய முடிவுகளே நிற்கும், எரர் எதுவும் வராது. அந்தச் சொல்லை அவெயிட்டுக்கு முன்பே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்தால் சரியாகிவிடும்.

மாற்றம் கண்காணிக்கப்படும் $ஸ்டேட்டில் உள்ள அர்ரேயில் நேராக புஷ் செய்யலாம், ரியாக்டைப் போல நகல் எடுக்க வேண்டாம். $ஸ்டேட்டில் உள்ள ஆப்ஜெக்டை டீஸ்ட்ரக்சர் செய்து, அதாவது உள்ளே இருப்பதைத் தனி வேரியபிள்களாகப் பிரித்து எடுத்தாலோ, வந்த மதிப்பு அந்த நொடியோடு அறுந்துவிடும். சாதாரண மேப், செட் இரண்டும் கண்காணிக்கப்படாது. ஸ்வெல்ட்மேப், ஸ்வெல்ட்செட் என்று தனியாக இருக்கின்றன.

கற்கும்போது அதிகம் எரிச்சலூட்டுவது பழைய பாடங்கள். 2024 அக்டோபரில் 5ஆம் பதிப்பு வந்தபோது எழுதும் முறையே மாறியது. காம்பொனென்ட் வெளியிலிருந்து மதிப்பு வாங்க எழுதும் எக்ஸ்போர்ட் லெட் போய் $ப்ராப்ஸ் வந்தது, ஆன்:கிளிக் என்பது ஆன்கிளிக் ஆனது. பழைய முறையில் எழுதிய ஃபைல் இன்னும் ஓடும். ஆனால் புதிய ரூன்கள் ($ஸ்டேட் போல $ உடன் தொடங்கும் குறிகள்) உள்ள ஃபைலில் எக்ஸ்போர்ட் லெட்டைக் கலந்தால் கம்பைலர் நிறுத்திவிடும். $ஸ்டேட் இல்லாத பாடத்தைக் கண்டால் மூடிவிடுங்கள்.

லைப்ரரிகளின் எண்ணிக்கையில் ரியாக்ட் வெகு தூரம் முன்னே. டேட்டா டேபிள், டேட் பிக்கர் மாதிரி கனமான பாகங்கள் நிறைய வேண்டிய ப்ராஜெக்ட்டுக்கு இப்போதைக்கு ஸ்வெல்ட்டைச் சிபாரிசு செய்ய முடியாது. வேலைக்காக மட்டும் கற்பவருக்கும் ரியாக்டையே ஆழமாகப் படிப்பது லாபம்.

மெனக்கெடத் தகுந்தவர், புதிதாக ஒரு சின்ன செயலியைத் தொடங்கப்போகிறவர். சேர்க்க, நீக்க, வடிகட்ட முடிகிற ஒரு பட்டியல், சர்வரிலிருந்து டேட்டா எடுக்கும் ஒரு தேடல், ஒரு ஃபார்ம்: இந்த மூன்றையும் கட்டிப் பாருங்கள். மேலே சொன்ன பொறிகள் எல்லாம் அதற்குள்ளேயே காலில் மாட்டும்.